நோ ஸ்லிப்

ரோட்டில் ஊற்றிய ஸ்லிப்பு காய்வதற்குள் மூன்று பேர் விழுந்திருந்தார்கள். முதலில் தபால்காரர். அடுத்து, அவரைத் தூக்கிவிடப் போன டீக்கடைக்காரர். மூன்றாவது, "கண்ணு தெரியல? பாத்து வரக் கூடாது?" என்று இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே வந்த மேனேஜர்.

மாணிக்கவேல் காலி டிரம்மைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். எட்டு டிரம். காலை ஆறு மணியிலிருந்து ஒற்றை ஆளாகத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். ஒருத்தராவது நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்று அவருக்கு மனத்தாங்கல்.

"யாருய்யா இத ஊத்துனது?" மேனேஜர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்துவிட்டு, இனி உத்தியோகத்தை இங்கேயே உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்திருந்தார்.

"நான்தாங்க."

"எதுக்குய்யா ஊத்துன?"

"சிலேட்டுல எழுதியிருந்துச்சுங்க."

சிலேட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் பீங்கான் பேட்டை என்று ஒன்று இருக்கிறது. அதில் வீரமுத்து பீங்கான் தொழிலகம் என்று ஒன்று. பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பிள்ளையார் பொம்மை எல்லாம் செய்வார்கள். களிமண்ணைத் தண்ணீரில் பாலாடை மாதிரி கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். அந்தக் கரைசலுக்குத்தான் ஸ்லிப்பு என்று பெயர். அதைக் கரைப்பவர் மாணிக்கவேல். அச்சு ஊற்றும் இடத்தில் ஸ்லிப்பு தீர்ந்துபோனால் ஒரு சிலேட்டில் 'NO SLIP' என்று எழுதி மாட்டுவார்கள். மாட்டியதும் இவர் டிரம்மைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். பதினோரு வருஷமாக இதுதான் வேலை. இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது அந்த இரண்டு வார்த்தைதான். ஆனால் அதில் அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது.

அன்று காலை அதே சிலேட்டு, அதே எழுத்து, பேட்டைக்குப் பின்னால் போகும் நேர் ரோட்டில், ஒரு கம்பத்தில் தொங்கியது. மனுஷன் என்ன செய்வார்? ஊற்றிவிட்டார்.

முதலாளியின் மகன் ராஜா ஓடி வந்தான். தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான். இருபத்துமூன்று வயசு. மெட்ராசில் என்ஜினீயரிங் படித்தான். படித்ததில் ஏழு பாடம் இன்னும் பாக்கி இருக்கிறது. அந்த ஏழு பாடம் நடந்த நேரத்தில் அவன் சோழாவரத்தில் மோட்டார் சைக்கிள் ரேஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே! ரோட்டுல ஸ்லிப் ஆகக் கூடாதுன்னுதானே எழுதி மாட்டிட்டுப் போனேன்!"

"ஆமாங்க தம்பி, ஸ்லிப்பு இல்லன்னு எழுதியிருந்தீங்க. பாத்த ஒடனே ஊத்திட்டேன். வண்டி கெளம்புற எடத்துல ரெண்டு டிரம்மு கூடுதலாவே ஊத்தியிருக்கேன்."

ராஜா கீழே உட்கார்ந்துவிட்டான். வழுக்கி அல்ல, தானாகவே.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டில் டிராக் ரேஸ். கால் மைல் தூரம், இரண்டிரண்டு வண்டியாக, நேராகப் போக வேண்டும். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது, யாருக்காகவும் நிற்பதும் கிடையாது. வேப்பூர் பஸ்கள் தினமும் இப்படித்தான் போகின்றன, அவற்றுக்கு யாரும் கோப்பை கொடுப்பதில்லை. ஆனால் ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே நின்றால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று முதலாளியம்மா திரௌபதி பெட்டியை எடுத்து வைத்துவிட்டார். முதலாளி வீரமுத்து, "நடத்திக்கட்டும், நல்லா நடத்திக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ரோட்டைத் தயார் செய்யும் பொறுப்பை முதலாளி யாரிடம் கொடுத்தார் என்று கேட்டபோதுதான் பேட்டையே வாயைப் பிளந்தது.

மாணிக்கவேலின் கைவண்ணம் ஊருக்கே தெரியும். ஒரு பிள்ளையார் சதுர்த்திக்கு ஸ்லிப்பை மோர் மாதிரி கரைத்துக் கொடுத்தார். முந்நூறு பிள்ளையாருக்குத் தும்பிக்கை நிற்கவில்லை. அந்த மூட்டைகள் இன்னும் கிடங்கில் கிடக்கின்றன. இன்னொரு முறை, ஆயுத பூஜைக்குச் சூளைக்குப் பொட்டு வையப்பா என்றார்கள். பக்தியோடு, சூளையின் சூடு காட்டும் கண்ணாடியின் மேலேயே சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்துவிட்டார். சூடு எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே இருந்த ஜாடியெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே ஜாடியாக வெளியே வந்தது.

மேனேஜர் முதலாளியிடம் கேட்டே விட்டார். "இவன்கிட்டயாங்க குடுக்குறீங்க?"

"அவன் மேல எனக்கு நம்பிக்கை இருக்குதுய்யா" என்றார் முதலாளி.

பிறகு மாணிக்கவேலைக் கூப்பிட்டு, தோளில் கை வைத்துச் சொன்னார். "ஏம்பா மாணிக்கம், ஞாயித்துக்கெழம எல்லாம் நான் நெனைச்ச மாதிரி நடந்துச்சுன்னா, திங்கக்கெழம காலையில ஒனக்கு பர்மனென்ட்டு ஆர்டரு."

மாணிக்கவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷமாக அவர் தற்காலிகம். சேர்ந்த புதிதில் கல்யாணம் ஆனது, மகளுக்குப் பத்து வயசாகிவிட்டது, தலையில் பாதி நரைத்துவிட்டது. எல்லாம் நிரந்தரமாக நடந்தன, உத்தியோகம் மட்டும் தற்காலிகம். பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். மழை பெய்தால் பாத்திரம் வைக்க வேண்டாத வீடு.

வீட்டில் போய்ச் சொன்னார். மனைவி அமுதவள்ளி அடுப்பை விட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்களையா சொன்னாரு? நல்லா கேட்டீங்களா? மாணிக்கவேலுன்னு வேற யாராச்சும் பேட்டையில வேல செய்யுறாங்களா?"

"என்ன நம்பி ஒருத்தரு பொறுப்பு குடுத்தா ஒனக்குப் பொறுக்காதே!"

"நம்பிதான் குடுத்தாரா! சரி சரி, இந்தத் தடவையாச்சும் சந்தனம் அப்பாம இருங்க."

இப்படியாகத் திங்கட்கிழமை காலை, பொறுப்பை ஏற்ற முதல் நாளே, மூன்று பேரைச் சாய்த்துவிட்டு நின்றார்.

முதலாளியின் கார் வந்தது. டிரைவர் தனக்கோடி கதவைத் திறந்துவிட்டார். முதலாளி இறங்கி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ரோட்டைப் பார்த்தார். வெயிலில் ரோடு வெண்ணெய் தடவியது போலப் பளபளத்தது. எல்லோரும் மாணிக்கவேலுக்குச் சீட்டு கிழிந்தது என்று காத்திருந்தார்கள்.

"எத்தன டிரம்முப்பா?"

"எட்டுங்க மொதலாளி."

"ஒண்டி ஆளாவா ஊத்துன?"

"ஆமாங்க."

"பாவம். டீ குடிச்சியா?"

ராஜா எழுந்து வந்தான். "அப்பா, வேற ஆளப் போடுங்கப்பா!"

"தப்புடா. நடுவுல ஆள மாத்துனா அவன் மனசு என்னா பாடுபடும்? மாணிக்கம், நீ பாட்டுக்குச் செய்."

தனக்கோடி திடீரென்று வந்த இருமலோடு காருக்குப் பின்னால் போய்விட்டார்.

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினான். "அண்ணே, வண்டி கெளம்பும்போது பின் டயரு ரோட்ட கப்புனு புடிக்கணும். புடிக்கலன்னா டயரு நின்ன எடத்துலயே சுத்தும், வண்டி நவுராது. இல்லன்னா கோணிக்கிட்டுப் போய் ஆளத் தூக்கியடிக்கும். கிரிப்பு வேணும்ண்ணே, கிரிப்பு!"

"கிரிப்புதானுங்களே தம்பி? வுடுங்க, பாத்துக்கலாம்" என்றார் மாணிக்கவேல்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் டேங்கர் வரவழைத்து ரோட்டைக் கழுவினார். களிமண்ணில் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? ஸ்லிப்பு ஆகும். இதைச் செய்து பதினோரு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவருக்கு அது மட்டும் தோன்றவில்லை. நூறு அடிக்குக் கிடந்தது கால் மைலுக்கும் பரவி, சாக்கடையில் இறங்கி, பஸ் ஸ்டாப்புவரை போய்விட்டது. திங்கட்கிழமை மூன்று பேர் விழுந்தார்கள். செவ்வாய்க்கிழமை யார் யார் விழவில்லை என்று எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது.

"வழவழன்னு இருக்கறதாலதான வழுக்குது? சொரசொரன்னு ஆக்கிட்டா போச்சு" என்று அன்று சாயந்திரமே அடுத்த யோசனை பிறந்தது.

புதன்கிழமை காலை, பேட்டையில் உடைந்த ஜாடி, கப்பு, பியூஸ் கட்டை எல்லாவற்றையும் வாரி, சம்மட்டியால் நுணுக்கி, ரோடு முழுக்கத் தூவினார். நியாயமாகச் சொல்ல வேண்டும், இந்த முறை ஒருத்தர் கூட வழுக்கி விழவில்லை. வழுக்குமளவு தூரம் எந்த வண்டியும் போகவில்லை. பத்து மணிக்குள் நாற்பது சைக்கிள், நான்கு லாரி, இரண்டு டெம்போ, பஞ்சர். மேனேஜருடைய ஸ்கூட்டருக்கு இரண்டு டயரும் போய், ஸ்டெப்னியும் போனது. முதலாளியின் கார் நான்கு டயரும் இறங்கி, ரோட்டோடு படுத்துக்கொண்டது.

பேட்டை முனையில் சாமிக்கண்ணு என்று ஒருவர் பஞ்சர் கடை வைத்திருந்தார். அன்று மத்தியானம் மாணிக்கவேலைத் தேடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, கட தொறந்து ஆறு வருஷமாவுது. இப்பிடி ஒரு நாள நான் பாத்ததில்ல. நீங்க நல்லா இருக்கணும்."

மாணிக்கவேல் அவரிடமிருந்து கையை உருவிக்கொண்டு முதலாளியிடம் ஓடினார். "மன்னிச்சுக்கோங்க மொதலாளி…"

முதலாளி படுத்துக் கிடந்த தன் காரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயராகக் குனிந்து பார்த்தார். முகத்தில் கோபத்தைத் தேடினாலும் கிடைக்கவில்லை.

"நாலும் போயிடுச்சுல்ல? ஒன் வேலையில ஒரு முழுமை இருக்குதுப்பா" என்றார்.

மாணிக்கவேலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படி ஒரு முதலாளி யாருக்குக் கிடைப்பார்?

அன்று சாயந்திரம் அத்தனை தூளையும் பெருக்கி வாரினார்கள். ராஜாவுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. "அமெரிக்காவுல என்னா பண்ணுவாங்க தெரியுமாண்ணே? ரோட்டுல பசை மாதிரி ஒண்ணு தெளிப்பாங்க. கால வச்சா ஷூவே கழண்டுடும். அப்பிடிப் புடிக்கும்."

பேச்சுவாக்கில் சொன்னது. மாணிக்கவேல் முன்னால் பேச்சுவாக்கில் எதையும் சொல்லக் கூடாது என்பது சின்னப் பையனுக்குத் தெரியவில்லை.

பசை என்றால் விருத்தாசலத்தில் ஒரே பசைதான். போஸ்டர் ஒட்டுகிற மைதா பசை. வியாழக்கிழமை மைதா கேட்டு முதலாளியிடம் போய் நின்றார்.

"மூணு மூட்ட வேணுங்க மொதலாளி."

"அஞ்சா வாங்கிக்க. கொறையா செஞ்சா நல்லா இருக்காது."

ஸ்லிப்பு கரைக்கும் தொட்டியிலேயே ஐந்து மூட்டையையும் கரைத்துக் காய்ச்சினார். சாப்பாடு கொண்டுவந்த அமுதவள்ளி தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"மயில் துத்தம் போட்டீங்களா? போஸ்டர் ஒட்டுறவங்க போடுவாங்களே. இல்லன்னா மாடு வந்துடும்ல?"

"துத்தம் போட்டா டயரு கெட்டுடும். ஒனக்கு என்னா தெரியும் ரேஸ பத்தி?"

"எனக்கு ரேஸ பத்தித் தெரியாது. மாட்டப் பத்தித் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

பொழுது சாய்வதற்குள் கால் மைலுக்கும் பசை தடவி முடித்தார். மாணிக்கவேல் காலை வைத்துப் பார்த்தார். செருப்பு கழன்று நின்றது. கிரிப்பு! சந்தோஷத்தில் அந்தச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்.

விருத்தாசலத்து மாடுகள் சினிமா போஸ்டர் தின்று வளர்ந்தவை. சுவரில் இருப்பதை அண்ணாந்து நக்கி நக்கிக் கழுத்து வலி கண்டவை. அவற்றுக்கு இப்படித் தரையில் பந்தி விரித்தால் எப்படி இருக்கும்? வெள்ளிக்கிழமை விடிந்து பார்த்தபோது ரோட்டில் முப்பது மாடு, ஏழு எருமை, எண்ண முடியாத ஆடு. போதாததற்கு, இவ்வளவு பசை வீணாகப் போகிறதே என்று தியேட்டர் ஆள் ஒருவன் நாற்பது போஸ்டரை ரோட்டிலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தான். மாடுகள் கதாநாயகனைப் பாதி தின்று முடித்திருந்தன.

தின்ற மாடு சும்மா போகுமா? போகவில்லை. ரோடு முழுக்கச் சாணி. மாணிக்கவேலின் செருப்பையும் காணோம்.

ராஜா வந்தான். பார்த்தான். கம்பத்தில் சாய்ந்துகொண்டு நிஜமாகவே அழுதான்.

"போச்சுண்ணே. எல்லாம் போச்சு. இந்த ரேஸு நடக்கலன்னா, திங்கக்கெழமையிலேருந்து நான் அப்பா ஆபீஸ்ல உக்காந்து பியூஸ் கட்ட எண்ணணும்."

மாணிக்கவேலுக்கு அந்த அழுகையைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. தன் குவார்ட்டர்ஸும் மாட்டு வயிற்றுக்குள் போவது கண்ணுக்குத் தெரிந்தது. அவரும் அழுதிருப்பார். அதற்குள் முதலாளியின் கார், புது டயர்களோடு, வந்து நின்றது.

முதலாளி கண்ணாடியை இறக்கி, சாணியையும் மாட்டையும் பிள்ளையின் கண்ணீரையும் பார்த்தார். பெருமூச்சு விட்டார். நிம்மதிப் பெருமூச்சு மாதிரி இருந்தது.

"மாணிக்கம், எனக்கு இப்பதான்ப்பா மனசு லேசா இருக்குது. நான் கடலூரு வரைக்கும் போயிட்டு ஞாயித்துக்கெழம காலையில வரேன். நீ இதே மாதிரி செஞ்சுகிட்டு இரு."

கார் போய்விட்டது.

அமுதவள்ளி சாணி அள்ளக் கூடையோடு வந்திருந்தாள். முதல் கூடை நிறைந்ததும் புருஷனிடம் வந்தாள்.

"நானும் அஞ்சு நாளா பாக்குறேன். ஊத்துறீங்க, கொட்டுறீங்க, தடவுறீங்க. ஒரு நாளாச்சும் தேச்சீங்களா? அடிபுடிச்ச சட்டியில மேல மேல எதையாச்சும் ஊத்திக்கிட்டே இருந்தா போவுமா?"

மாணிக்கவேல் அவளைப் பார்த்தார். பதினோரு வருஷமாக ஊற்றுவது ஒன்றே வேலையாக இருந்த மனுஷனுக்குத் தேய்ப்பது என்று ஒன்று உலகத்தில் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"கால் மைலு இருக்குது அமுதா. யாரு தேய்க்கிறது?"

"யாரு தேப்பா? ஆம்பளைங்க ஊத்துனத என்னிக்கும் நாங்கதான தேய்க்கிறோம்!"

ஒரு மணி நேரத்தில் வீரம்மாள், பெரியம்மாள் என்று பேட்டையில் வேலை செய்யும் பெண்கள் இருபது பேர் தேங்காய் நாரும் சாம்பலுமாக வந்துவிட்டார்கள். வரிசையாகக் குந்தி, திட்டிக்கொண்டே தேய்த்தார்கள். திட்டு முழுக்க மாணிக்கவேலுக்கு. தேய்ப்பு முழுக்க ரோட்டுக்கு. சாயந்திரத்துக்குள் ஸ்லிப்பு, சாணி, பசை, கதாநாயகன் எல்லாம் போய், தார் ரோடு கழுவிய கருங்கல் சட்டி மாதிரி தெரிந்தது.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அண்ணே, இப்ப மட்டும் ரப்பரு ஒரு பூச்சு கெடச்சா போதும். ரப்பரு மேலதான் ரப்பரு ஒட்டும். சோழாவரத்துல வண்டி ஓடி ஓடி ரோட்டுல ரப்பரு ஏறியிருக்கும். நம்ம ரோட்டுல எங்க ஏறும்?"

மாணிக்கவேல் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு நேராகச் சாமிக்கண்ணுவின் பஞ்சர் கடைக்கு நடந்தார். புதன்கிழமை அவர் கைங்கரியத்தில் கிழிந்த லாரி டயர்கள் அங்கே மலையாகக் கிடந்தன.

"எடுத்துக்கங்கண்ணே. ஒங்களால வந்த டயருதான!" என்றார் சாமிக்கண்ணு.

சனிக்கிழமை. கத்திரி வெயில். தார் இளகிக்கொண்டிருந்தது. எட்டு லாரி டயரைச் சங்கிலியில் கட்டி டிராக்டருக்குப் பின்னால் மாட்டினார்கள். டயர் ரோட்டில் அழுந்த பாரம் வேண்டுமே என்றார் டிராக்டர்காரர். மாணிக்கவேல் கிடங்கிலிருந்து தும்பிக்கை இல்லாத பிள்ளையார் மூட்டைகளைக் கொண்டுவந்து ஏற்றினார். "அப்பனே, அன்னிக்குத்தான் ஒன்ன கெடுத்தேன். இன்னிக்கு நீயாச்சும் என்னக் காப்பாத்து" என்று கும்பிட்டார்.

டிராக்டர் காலையிலிருந்து சாயந்திரம்வரை போனது, வந்தது, போனது, வந்தது. ரப்பர் தேய்ந்து, சூட்டில் இளகி, ரோட்டில் கறுப்பாகப் படிந்தது. கடைசியில் ராஜா தன் வண்டியை எடுத்து வந்து கோட்டில் நிறுத்தி ஒரு முறுக்கு முறுக்கினான். டயர் சுற்றவில்லை. ரோட்டைக் கப்பென்று பிடித்துக்கொண்டு வண்டி பாய்ந்தது. முன் சக்கரம் அரை அடி மேலே எழும்பி இறங்கியது.

ராஜா திரும்பி வந்து மாணிக்கவேலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீங்க தெய்வம்ண்ணே!"

மாணிக்கவேலை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அமுதவள்ளியைத் தேடினார். அவள் தூரத்தில் நின்று, 'சரி சரி, போதும்' என்பது போலக் கையை ஆட்டினாள். ஆனால் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே ரோட்டின் இரண்டு பக்கமும் கூடிவிட்டது. நெய்வேலி, கடலூர், பாண்டிச்சேரி என்று வண்டிகள் வந்திருந்தன. சுரங்கத்துக்கு நிலம் போய், கையில் வந்த காசில் வாங்கிய புத்தம்புது வண்டிகளோடு கம்மாபுரத்துப் பையன்கள் மட்டும் ஆறு பேர்.

ஒன்பது மணிக்கு முதலாளியின் கார் வந்தது. கார் மேலே, கயிறு போட்டுக் கட்டிய ஒரு புது நாற்காலி. ஆபீசில் போடுகிற சுழலும் நாற்காலி, மெத்தை வைத்தது. மாணிக்கவேல் அதைப் பார்த்ததும் அமுதவள்ளியை முழங்கையால் இடித்தார்.

"பாத்தியா? பர்மனென்ட்டு ஆனா நாற்காலி கூடக் குடுப்பாங்க போல!"

"ஸ்லிப்பு கரைக்கிறவருக்கு எதுக்கு சுத்துற நாற்காலி?"

"தொட்டிய சுத்திச் சுத்திப் பாக்கணும்ல?"

முதலாளி காரை விட்டு இறங்கியபோது கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். பந்தல் நிழலில் உட்கார்ந்து, சோடா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "ம், ஆரம்பிங்க" என்றார். மேனேஜர் ரோட்டுக்கு இருபது அடி தள்ளியே நின்றார்.

கொடி இறங்கியது. முதல் இரண்டு வண்டிகள் அம்பாகப் போயின. சறுக்கல் இல்லை, சுற்றல் இல்லை. கூட்டம் விசிலடித்தது. முதலாளி ரோட்டை எட்டிப் பார்த்தார்.

இரண்டாவது ஜோடி. அதுவும் அப்படியே. முதலாளி எழுந்து நின்றார்.

நான்காவது ஜோடி போனபோது சோடா கையிலேயே சூடாகிக்கொண்டிருந்தது. "என்னாய்யா இது, ஒருத்தன் கூட வுழ மாட்டேங்கிறான்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பெருமையில் கேட்கிறார் என்று நினைத்து அவரும், "ரோடு அப்பிடிங்க!" என்றார்.

கடைசிப் போட்டி ராஜாவுக்கும் கம்மாபுரம் பாரிக்கும். இரண்டு வண்டியும் ஒன்றாகக் கிளம்பின. முக்கால்வாசித் தூரம்வரை யார் முன்னால் என்று சொல்ல முடியவில்லை. கோட்டைத் தாண்டும்போது ராஜா ஒரு சக்கரம் முந்திவிட்டான்.

ஊர் ஆர்ப்பரித்தது. ராஜாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு வந்தார்கள். திரௌபதியம்மா ஆரத்தி சுற்றினார். தோளில் இருந்தபடியே ராஜா கத்தினான்.

"அப்பா! சொன்ன சொல்லு! ரேஸு நல்லா நடந்தா ஜப்பான் வண்டி வாங்கித் தரேன்னீங்கல்ல? அடுத்த மாசம் மெட்ராசு போறேன். இனிமே எனக்கு இதுதான் தொழிலு!"

"அப்பா வாங்கித் தருவாருடா. நீ போயிட்டு வா ராஜா" என்றார் திரௌபதியம்மா.

முதலாளி சோடாவைப் பந்தக்காலின் அடியில் ஊற்றினார்.

மாணிக்கவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் கை கட்டி நின்றார். தலைக்கு எண்ணெய் வைத்து, சலவைச் சட்டை போட்டு, புதுச் செருப்போடு வந்திருந்தார்.

"மொதலாளி, நீங்க நெனைச்ச மாதிரியே எல்லாம் நடந்துடுச்சுங்க."

முதலாளி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் தளும்பியது. சட்டென்று திரும்பி விடுவிடுவென்று போய்க் காருக்குள் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்திக்கொண்டார்.

மாணிக்கவேலுக்கும் அழுகை வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர்! பின்னாலேயே ஓடினார். அங்கே டிரைவர் தனக்கோடி, கார் மேலிருந்த நாற்காலியை இறக்காமல், தளர்ந்திருந்த கயிற்றைத் திரும்பவும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மொதலாளிக்குச் சந்தோஷத்துல பேச்சே வரல பாத்தீங்களா? நாற்காலிய ஏன் திரும்பக் கட்டுறீங்க? ஆர்டரு நாளைக்கு எத்தன மணிக்கு வந்து வாங்கிக்கிறது?"

தனக்கோடி கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"யோவ் மாணிக்கம், நீ கைய வச்சா எதுவும் வெளங்காதுன்னு நம்பித்தான்யா மொதலாளி இந்த ரோட்டையே ஒன்கிட்ட குடுத்தாரு. அந்த மனுசன் நம்பிக்கையில இப்பிடி மண்ணள்ளிப் போட்டுட்டியே!"